கோடு வளைந்த இடம்

சிவராமகிருஷ்ணன் இருபத்தைந்து வருஷமாக வரைந்ததெல்லாம் சின்னப் பாலங்களும் பள்ளிக்கூடக் கக்கூசுகளும் அரிசி கோடவுன்களும்தான். பாலக்காட்டில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவர் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். கல்பாத்தியிலிருந்து குடையும் டிபன் பாத்திரமுமாக நடந்தே வருவார். பென்சிலைச் சீவும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. அவர் போட்ட கோட்டில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் மயிரிழை விலகியிருக்காது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. மலையாளிகள், தமிழர்கள் எல்லோருக்கும் அவர் ‘சாமி’.

ஐம்பதாவது வயதில், 1974 ஜனவரியில், அவருடைய மேஜைக்கு ஒரு நகரமே வந்து சேர்ந்தது.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி பஸ் போகிற ரோட்டை ஒட்டி, சுள்ளிப்பதி என்ற சிற்றூர். முப்பத்திரண்டு வீடு. அதையும் சுற்றியிருந்த நிலக்கடலைக் காட்டையும் சேர்த்து முந்நூறு ஏக்கர் எடுத்து, எலக்ட்ரானிக்ஸ் கருவிகள் செய்யும் தொழிற்சாலைகள் கட்டுவதாகத் திட்டம். நடுவில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். வேலை செய்பவர்களுக்குக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், பேங்கு, கடைவீதி, பஸ் ஸ்டாண்டு. முதலில் தொழிற்பேட்டை வரட்டும், அதைச் சுற்றி நகரம் தானாக வளர்ந்துவிடும் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் பிற்பாடு அதற்குக் ‘கம்பெனிக்காடு’ என்று பெயர் வைத்தார்கள்.

சிவராமகிருஷ்ணன் அதில் மூழ்கிப் போனார். அவருடைய அண்ணன் பம்பாயில், ஒரு தம்பி ஜாம்ஷெட்பூரில், இன்னொரு தம்பி டில்லியில். அவர்கள் தெருவில் படித்த பிள்ளை ஒவ்வொருவனும் ரயிலேறிப் போனவன்தான். வேலை இங்கேயே வரப்போகிறது என்பதை அவரால் வீட்டில் பேசாமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் மனைவி தர்மாம்பாளிடம், இன்று ஆராய்ச்சிக்கூடத்து ஜன்னல்களை வடக்குப் பார்த்து வைத்தேன், வெளிச்சம் கண்ணில் குத்தாது என்பார். மறுநாள், குடியிருப்புக்கு நடுவே ஒரு குளம் போட்டிருப்பதாகச் சொல்வார். குழந்தை இல்லாத வீடு அது. அந்த மூன்று மாதமும் அங்கே ஒரு பிரசவத்துக்குக் காத்திருப்பதுபோல் பேச்சு நடந்தது.

ஏப்ரலில், தெற்கு எல்லையின் சர்வே கல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை என்று இடத்தைப் பார்த்துவர அனுப்பினார்கள். நல்ல வெயில். அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆட்கள் பனைமர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். சிவராமகிருஷ்ணன் தண்ணீர் கேட்டு அருகில் இருந்த ஓட்டு வீட்டுக்குப் போனார்.

அது காளியாத்தாளின் வீடு. நாற்பது வயது இருக்கும். விதவை. ஒரே மகள் மயிலாத்தாள் கொழிஞ்சாம்பாறையில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்; சுள்ளிப்பதியில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண். காளியாத்தாள் கிணற்றிலிருந்து இறைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அந்தச் சுற்றுவட்டாரத்து உப்புக்கரிப்பு அதில் இல்லை. தண்ணீர் நன்றாயிருக்கிறது என்று அவர் சொன்னதும் அவள் கிணற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

முழுப் பாறையில் வெட்டிய கிணறு அது. அவளும் புருஷனும் மூன்று கோடை வெட்டினார்கள். முப்பதடியில் வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்காமல் நின்றுவிட்டது. பார்க்கப் புருஷன் இறங்கியபோது அது வெடித்தது; அவன் திரும்பி ஏறவில்லை. ஐந்தாம் நாள் அந்த வெடிப்பில்தான் தண்ணீர் வந்தது.

“கெணத்தக் கேட்டா குடுத்துப்போடுவேனுங்க சாமி,” என்றாள். “அவியள எப்படிங்க குடுக்கறது?”

அவள் அழவில்லை. அவரிடம் எதையும் கேட்கவும் இல்லை. எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். தெற்கு எல்லைக்கோடு அந்த வீட்டுக்கு அப்பால் அறுபதடி தள்ளி ஓடுவது அவருக்குத் தெரியும். வீடும் கிணறும் எல்லைக்குள்ளே இருந்தன.

மறுநாள் அலுவலகத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். கிழக்கிலிருந்து மேற்காக நேராக வந்த எல்லைக்கோட்டை அந்த ஓரிடத்தில் உள்ளே வளைத்து, அறுபது சென்ட் நிலத்தை வெளியே விட்டார். ‘பாறை, கட்டடத்துக்கு உதவாது’ என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பும் போட்டார். யாரும் கேட்கவில்லை. சாமி போட்ட கோட்டை யார் சரிபார்க்கப் போகிறார்கள்? என்ஜினியர் கையெழுத்திட்டார். பிளான் திருவனந்தபுரம் போய் அனுமதியோடு திரும்பி வந்தது.

இருபத்தைந்து வருஷத்தில் யாரும் சொல்லாமல் அவர் போட்ட ஒரே கோடு அது. இரண்டு வாரம் கழித்துத் தர்மாம்பாளிடம் மட்டும் சொன்னார். அவள், “அந்தப் பொம்மனாட்டிகிட்ட சொன்னேளா?” என்று கேட்டாள். சொல்லவில்லை, சொன்னால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்றார் அவர். புண்ணியத்தைச் சொல்லிக்காட்டக்கூடாது என்றும் மனசுக்குள் ஓர் எண்ணம் இருந்தது.

அடுத்த வருஷம் சுள்ளிப்பதியைக் காலி செய்தார்கள். முப்பத்தொரு வீடு இடிந்தது. ஜனங்களை மூன்று மைல் தள்ளி ஒரு காலனியில் குடிவைத்தார்கள். காளியாத்தாளுக்குக் கடலைக்காடு போயிற்று, வீடும் கிணறும் நின்றன. கடைசி நேரத்தில் தன் பெயர் நோட்டீஸில் இல்லை என்று தெரிந்தபோது, புருஷனே காப்பாற்றிவிட்டதாக நினைத்துக் கிணற்று மேட்டில் சூடம் ஏற்றினாளாம். பிறகு முள்கம்பி வந்தது. அதன்பின் பத்தடி உயரத்தில் காம்பவுண்டுச் சுவர் எழும்பியது. வீட்டின் மூன்று பக்கமும் சுவர். காய்ச்சல் என்று படுத்தால் எட்டிப்பார்க்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை. ஊர் இருந்த இடத்தில் புல்டோசர் ஓடிக்கொண்டிருந்தது.

காலனி ஜனங்கள் மனு மேல் மனு கொடுத்ததில் 1976-இல் ஓர் உத்தரவு வந்தது. வீடு இழந்த குடும்பம் ஒவ்வொன்றுக்கும் பேட்டையில் ஒரு வேலை. கருவிகளில் நுணுக்கமாகப் பற்றவைக்கும் வேலைக்குப் பெண்பிள்ளைகளைத்தான் தேடினார்கள், பத்தாவது படித்திருந்தால் நேரடியாக நிரந்தரம். சுள்ளிப்பதியில் பத்தாவது தேறியிருந்த ஒரே பெண் மயிலாத்தாள். காளியாத்தாளின் கொழுந்தனார் நல்லதம்பிக்குப் படிப்பில்லாததால் வாசலில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. எட்டாவதோடு நின்ற பெண்கள்கூடப் பயிற்சிக்குப் போனார்கள். மயிலாத்தாளின் மனுவை மட்டும் திருப்பிவிட்டார்கள். உங்கள் வீடு எடுக்கப்படவில்லையே என்றார்கள்.

ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காளியாத்தாள் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கல்பாத்திக்கு வந்தாள். அன்றைக்குத் தண்ணீர் குடித்துப்போன சாமி பிளான் ஆபீஸ்காரர் என்பது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். தர்மாம்பாள் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். மயிலாத்தாள் சர்ட்டிபிகேட்டை ஒரு பழைய பாடப்புத்தகத்துக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. மெலிந்த விரல்கள். சிவராமகிருஷ்ணன் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தார். கணக்கில் எண்பத்தொன்று.

என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்தால் போதும், பெரிய ஆபீசரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள் காளியாத்தாள். பிறகு, ஆபீஸில் ஒரு கிளார்க் இரக்கப்பட்டு பிளானை விரித்துக் காட்டியதைச் சொன்னாள். எல்லை நேராகத்தான் வருகிறது, உங்கள் வீட்டுக்கிட்ட மட்டும் வளைகிறது என்று அவன் விரலை வைத்துக் காட்டினானாம்.

“எங்கூட்டையும் எடுத்திருந்தாத் தேவலைங்க சாமி. எந்தப் பாவியோ கோட்டை வளச்சுப்போட்டானுங்க.”

தர்மாம்பாள் புருஷனைப் பார்த்தாள். அவர் சர்ட்டிபிகேட்டைப் புத்தகத்துக்குள் திரும்ப வைத்தார். பேப்பர் எழுதித் தருகிறேன், நாளைக்கே எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னார். அவர்கள் பஸ் ஏறப் போனபிறகு தர்மாம்பாள், “வாயைத் திறந்து சொல்லியிருக்கப்படாதோ?” என்று மெதுவாகக் கேட்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அவர் எழுதிய பேப்பர் காளியாத்தாள் கேட்டதல்ல. எல்லையைத் தான்தான் வளைத்ததாகவும், அங்கே கட்டடத்துக்கு உதவாத பாறை எதுவும் இல்லை என்றும், தவறு முழுக்கத் தன்னுடையது என்றும், அந்த அறுபது சென்டை எடுத்துக்கொண்டு குடும்பத்தைப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்றும் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி என்ஜினியரிடம் கொடுத்தார். என்ஜினியர் நல்ல மனுஷர். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம்தானே இருக்கிறது என்றார். சிவராமகிருஷ்ணன் கிழிக்கவில்லை. அது எமர்ஜென்சி காலம். அரசாங்க ஆவணத்தில் பொய்க் குறிப்பு என்றால் யாரும் பொத்திவைக்கத் துணியமாட்டார்கள்.

விசாரணை நான்கு மாதம் நடந்தது. அந்தப் பெண்ணிடம் என்ன வாங்கினீர்கள் என்று முதல் நாளே கேட்டார்கள். ஒரு சொம்பு தண்ணீர் என்றார் அவர். கேலி செய்கிறார் என்று நினைத்து அதையும் எழுதிக்கொண்டார்கள். முடிவில் அவரைப் பதவி இறக்கி இடுக்கி மலையில் வண்டன்மேட்டுக்கு மாற்றினார்கள். எல்லையைப் பற்றியும் முடிவு சொன்னார்கள். நிலமெடுப்பு முடிந்துபோன விஷயம். அறுபது சென்டுக்காகப் புதிதாக அறிவிப்புப் போட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்க முடியாது. கோடு வளைந்தபடியே இருக்கும்.

1977 ஜனவரியில், மலைக்குப் போவதற்கு முந்தின வாரம், அவர் சுள்ளிப்பதிக்குப் போனார். காளியாத்தாள் சுவர் ஓரத்தில் எருமைக்குச் சோளத்தட்டு நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். குடியிருப்புகளுக்குப் பால் ஊற்றித்தான் இப்போது ஜீவனம். மயிலாத்தாள் அங்கேயே கட்டட வேலையில் சிமெண்டுச் சட்டி சுமந்துகொண்டிருந்தாள். வந்தவர் உட்காராமலே சொன்னார்:

“அந்தக் கோட்டை வளைச்சது நான்தான். வேற யாரும் இல்லை.”

அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். சுவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

“எதுக்குங்க சாமி?”

“அன்னிக்கு நீங்க கிணத்தைப் பத்திச் சொன்னதைக் கேட்டு மனசு தாங்கலை. காப்பாத்தறேன்னு நெனச்சுண்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க.”

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றார் அவர். அவள் யோசித்தாள்.

“மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேனுங்க. அப்புறம் ரெண்டு நாள் அழுதுபோட்டு, எல்லாரோடயும் போயிருப்பேன். வேலைய விடுங்க. தனியா நிக்கறதுதான் தாங்க முடியலீங்க சாமி.”

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வேண்டாம் சாமி என்று அவள் பதறி எழுந்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் திரும்பி வர எளிதாக இருந்திருக்கும். அவளோ சுவர் தீருகிற இடம் வரை கூடவே வந்து, அங்கே தோண்டிப்போட்டிருந்த பள்ளத்தைப் பார்த்துப் போகச்சொல்லி அனுப்பினாள்.

வண்டன்மேட்டில் அவருக்குத் தகரக் கூரை போட்ட அலுவலகத்தில் ஒரு மூலை கொடுத்தார்கள். தர்மாம்பாளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. அவள் கல்பாத்தியிலேயே இருந்துவிட்டாள். மூடுபனியில் வரைபடத் துணி ஈரம் குடித்து வெளுத்துப் போகும், மை பரவும். அவருடைய கோடுகளில் முதல்தடவையாக நடுக்கம் தெரிந்தது. ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்குப் போகும் ரோடுகளைத்தான் வரையவேண்டியிருந்தது. சக்குபள்ளத்தில் ஒரு ரோடு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தை ஒட்டிப் போவதாக இருந்தது. தூசியும் சத்தமும் தொந்தரவாக இருக்கும், விலக்கிப் போடலாம் என்று அவர் முதலில் நினைத்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு ஜீப்பில் இடம் கேட்டு லயத்துக்குப் போனார். அங்கே குருவம்மாள் என்ற தொழிலாளி, ரோட்டை வாசலோடு விடச்சொன்னாள். அவளுடைய மருமகளைப் பிரசவ வலியோடு கட்டிலில் வைத்து மலை இறக்கித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பாதி வழியில் பிள்ளை செத்துப் பிறந்தது. தூசி கிடக்கட்டும் ஐயா, வண்டி வந்தா சரிதான் என்றாள். அவர் ரோட்டை வாசலோடு விட்டார். அன்றிலிருந்து எந்தக் கோடு போடுவதற்கு முன்னும் போய்க் கேட்டுவிட்டு வருவது வழக்கமாயிற்று. வேலை தாமதமாகிறது என்று அதற்கும் ஒரு மெமோ வந்தது.

ஐம்பத்தைந்து வயது முடிந்து 1979 மத்தியில் ஊர் திரும்பினார். அந்த வாரமே கிழக்கே போனார். பஸ்ஸில் கண்டக்டர், பேட்டை டவுனா என்று கேட்டார். சுள்ளிப்பதி என்ற பெயரையே காணோம். இறங்கிப் பார்த்தபோது அவர் காகிதத்தில் போட்ட அறுபதடி ரோடு அப்படியே கிடந்தது. பேங்கு, மருந்துக்கடை, சினிமா கொட்டகை, பேன்சி ஸ்டோர். ஷிப்டு முடிந்து நூற்றுக்கணக்கான பெண்கள் சைக்கிளிலும் நடந்தும் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். ஆராய்ச்சிக்கூடத்து ஜன்னல்கள் வடக்குப் பார்த்து இருந்தன. குளத்தை மட்டும் வெட்டவில்லை.

தெற்குச் சுவர் உள்ளே வளையும் இடத்தில் மூன்று மாடி லாட்ஜ் ஒன்று நின்றது.

பேட்டை வாசலில் காக்கிச் சட்டையோடு நல்லதம்பி இருந்தார். அவரிடம் கேட்டார். பேட்டைக்குள்ளே ஆழமாகக் குழாய்க் கிணறுகள் போட்டதில் போன வருஷக் கோடையில் காளியாத்தாளின் கிணறு வற்றிவிட்டதாம். தண்ணீர் இல்லாமல் எருமைகளை விற்றாள். டவுன் வளர்ந்துவிட்டதால் அந்த இடத்தைக் கேட்டுத் தினமும் ஆள் வந்தது. கடைசியில் கொடுத்துவிட்டாள். மயிலாத்தாளை உடுமலைப்பேட்டையில் ஒரு லாரிக்காரருக்கு இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்து, தானும் அவளோடு போய்விட்டாள்.

“லாட்சுக்காரங்க கல்லைப் போட்டுக் கெணத்த மூடறப்ப வந்திருந்தாளுங்க. காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் நின்னா. கூப்பிட்டா வரல,” என்றார் நல்லதம்பி. “மாசியில செத்துப்போனா.”

இப்போதுகூட அந்தக் கோட்டை வளைத்தது யார் என்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் காலனியில் நாங்கள் சும்மா விட்டிருக்கமாட்டோம் என்றும் சொன்னார். சிவராமகிருஷ்ணன் அவருடைய முகத்தைப் பார்த்தார். காளியாத்தாள் யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். வாசலில் வேன் ஒன்று வந்து ஹாரன் அடித்தது; நல்லதம்பி கேட்டைத் திறக்க ஓடினார்.

மறுவாரம் உடுமலைப்பேட்டைக்குப் போனார். லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட வீடு. மயிலாத்தாள் மூத்தாள் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவரை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி எடுத்துப் போட்டாள். அம்மாவின் படம் எதுவும் சுவரில் இல்லை. படம் எடுத்ததே இல்லை என்றாள். அவர் என்னென்னவோ சொல்ல நினைத்து வந்திருந்தார்.

“அம்மா சொல்லுச்சுங்க, நீங்கதான்னு. எங்கிட்ட மட்டும்,” என்றாள் அவள். “உங்களுக்கு வேலை எறக்கிப்போட்டாங்கன்னு கேட்டு வருத்தப்பட்டுச்சுங்க.”

அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவளே கேட்டாள், பேட்டைக்குள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று. வெளியே இருந்துதான் பார்த்தேன், ஆனால் உள்ளே மேஜைகள் வரைக்கும் வரைந்தது நான்தான் என்றார்.

“உள்ள எப்படிங்க இருக்கும்? அந்த வேலை.”

அவர் நிமிர்ந்தார். நீளமான மேஜைகள் என்றார். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. அரிசிமணி அளவுக் கம்பிகளை இடுக்கியால் எடுத்து வைத்துப் பற்றவைக்கவேண்டும். கை நடுங்கக்கூடாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் வெளிச்சம் நன்றாக வரும். மேஜை எவ்வளவு உயரம் இருக்கும், மூக்குக்கண்ணாடி போட்டவர்களைச் சேர்ப்பார்களா, பேசிக்கொண்டே வேலை செய்ய விடுவார்களா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தெரிந்ததை அவர் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அவள் சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி, பரீட்சைக்குப் படிக்கிறவளைப்போல் கவனமாகக் கேட்டாள்.

உள்ளே சின்னப் பிள்ளை தண்ணீர் கேட்டு அழுதது. இதோ வந்துவிடுகிறேன் என்று எழுந்து போனாள். லாரி ஒன்று வாசலில் வந்து நின்றது. புருஷனுக்கு இலை போடும் சத்தம் கேட்டது. சிவராமகிருஷ்ணன் இன்னும் கொஞ்சநேரம் அந்த நாற்காலியில் இருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, பொள்ளாச்சி பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டு நடந்தார்.